கலியாணம் ஊரில், முதல் கடையில்

புறக்கோட்டையில் துணி மொத்த வியாபாரம் செய்யும் எங்களுக்கு, வாடிக்கையாளர் வீட்டுக் கலியாணச் செய்தி சில வேளைகளில் இரண்டு தடவை வந்து சேரும். முதலில் அழைப்பிதழாக வரும். இரண்டு மூன்று மாதங்களின் பின் திரும்பிய காசோலையாக வரும். எல்லோரையும் சொல்லவில்லை. ஆனால் முப்பது வருடங்களாக ஒரே கல்லாவில் அமர்ந்திருப்பவன் என்ற வகையில் இதனைப் பல தடவை கண்டிருக்கிறேன். மனிதர் நேர்மையானவர், கடையும் நல்ல இடத்தில் இருக்கும். பிள்ளையின் கலியாணத்துக்காகக் கடையிலிருந்து எடுத்த காசு மட்டும் கடைக்குத் திரும்பியிருக்காது.

கடந்த வருடம் எனது இளைய மகளின் கலியாணம் நடந்தது. கொழும்பில் கடையும் வீடும் இருக்க, சொந்த ஊரான அக்குறணைக்குப் போய் நடத்தினோம். எங்கள் பக்கச் செலவுக்கு 10 இலட்சம் ரூபா என்று எல்லை போட்டு, அதற்குள் முடித்தோம். நகை இதில் சேரவில்லை. அது மகள் சிறுபிள்ளையாக இருந்த காலம் தொட்டு அவளுடைய உம்மா கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தது. கடைக்கு வருபவர்கள் பலரும் இதுபற்றி விசாரிப்பதால் இவ்வாரம் இதனையே எழுதுகிறேன்.

கல்லாவில் காசு இருக்கிறதென்று கலியாணத்துக்கு நாள் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்தக் காசில் பெரும்பங்கு 60 நாள் தவணைக்குச் சரக்குத் தந்தவருக்கு உரியது. நம்முடையது இலாபம் மட்டுமே. வாடகை, மின்சாரம், பையன்களின் சம்பளம் எல்லாம் போக, நூறு ரூபா வியாபாரத்தில் 5 ரூபா கையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கலியாணத்தில் 5 இலட்சம் மேலதிகமாகச் செலவானால், அதனை மீண்டும் சம்பாதிக்க ஒரு கோடி ரூபாவுக்கு வியாபாரம் செய்ய வேண்டும். மேடை அலங்காரத்துக்குப் பூத் தெரிவு செய்யும் நேரத்தில் யாரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

எனது வாடிக்கையாளர் ஒருவர் 2022 பெப்ரவரியில் கடை முதலில் பெரும்பகுதியை எடுத்து, மகனின் வலீமாவைப் பெரிய ஹோட்டலொன்றில் கொடுத்தார். பெருநாள் வியாபாரத்தில் புரட்டிவிடலாம் என்பது அவரது எண்ணம். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா வரை ஏறியது. நாங்களும் கடனுக்குச் சரக்குக் கொடுப்பதை நிறுத்தினோம். பழைய விலைச் சரக்கு வைத்திருந்தவர்களும் கைக்காசு வைத்திருந்தவர்களும் தப்பினார்கள். இவருடைய தட்டுகள் பெருநாளைக்கு வெறுமையாகக் கிடந்தன. இன்றும் கடை நடத்துகிறார், ஆனால் பாதிக் கடைதான். மறுபாதியைக் கைத்தொலைபேசி விற்பவருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்.

எனவே கடைக்கு ஒரு கொப்பி, கலியாணத்துக்கு ஒரு கொப்பி என்று ஆரம்பத்திலேயே பிரித்துவிட்டேன். மாதம் 25,000 ரூபா வீதம், 20 கைகள் கொண்ட சீட்டொன்று எங்கள் தெருவில் ஓடுகிறது. அதில் இரண்டு கை போட்டேன். ஒரு கைக்கு 5 இலட்சம். யாருக்கு எந்த மாதம் என்பதை நாங்கள் பேசியே தீர்மானிப்போம். அவசரக்காரர்கள் முந்தி எடுக்கட்டும் என்று கடைசி இரண்டு மாதங்களை நான் கேட்டுக்கொண்டேன். கழிவு கொடுத்து முந்தி எடுக்கும் ஏலச் சீட்டின் பக்கம் நான் போவதில்லை. 10 இலட்சம் என்ற எல்லை இந்தச் சீட்டிலிருந்து வந்ததுதான். காசு இவ்வளவு என்று தெரிந்த பின்னரே வீட்டில் மற்றப் பேச்சுகள் நடந்தன.

ஊருக்குப் போனதில் என்ன மிச்சம் என்று கேட்கலாம். எங்கள் உறவினரில் பத்துக்கு ஏழு பேர் அக்குறணையிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிறார்கள். அவர்களை பஸ் பேசிக் கொழும்புக்கு ஏற்றி, இரவில் தங்க வைத்து அனுப்புவதைவிட மிகுதி மூன்று பேர் ஊருக்குப் போவது சுலபம். தங்குமிடத்துக்கு நானா வீடும் சாச்சி வீடும் அயல் வீடுகளும் இருக்கின்றன. நிக்காஹ் பள்ளிவாசலில் நடந்ததால் அதற்கு மண்டபமோ மேடையோ தேவைப்படவில்லை. கொழும்பில் பல மண்டபங்களில் இடத்தோடு சாப்பாட்டையும் அவர்களிடமே எடுக்க வேண்டும். ஊரில் சமையற்காரர் சாமான் பட்டியலை எழுதித் தந்தார். அரிசி, நெய், கஜு, முந்திரிகை வற்றல் முதலியவற்றை நான் புறக்கோட்டையிலேயே மொத்த விலைக்கு எடுத்தேன். வியாபாரி ஒருவர் சில்லறை விலைக்குக் கலியாணம் செய்வது எனக்கு எப்போதும் விளங்காத விடயம்.

ஆனால் ஊர்க் கலியாணத்தில் ஒரு பொறி உண்டு. அது வீட்டுத் திருத்தம். "சனம் வரப்போவுது" என்ற ஒரு வசனத்தோடு தொடங்கும். முதலில் பெயின்ட், பிறகு டைல்ஸ், பிறகு குளியலறை என்று ஏறிக்கொண்டே போகும். புரியாணியைவிட சீமெந்து அதிகம் விழுங்கிய கலியாணங்களை நான் கண்டிருக்கிறேன். நாங்கள் முன்பக்கச் சுவருக்கு மட்டும் பெயின்ட் அடித்தோம்.

அடுத்தது இரண்டு சாப்பாட்டுப் பிரச்சினை. பெண் வீட்டார் ஒரு நாள், மாப்பிள்ளை வீட்டார் வலீமாவுக்கு இன்னொரு நாள் என்று ஒரே சனத்துக்கு இரண்டு தடவை கொடுப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. சம்பந்தியாரும் வியாபாரி. மாத்தளையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். நேரில் போய்ப் பேசினேன்.

"ஹாஜியார், ரெண்டு சாப்பாடு வேணுமா? ஒங்கட வலீமாவோட ஒண்டா முடிப்பமே."

"பொண்ணு ஊட்டுச் சாப்பாடு இல்லாட்டி எங்கட பக்கத்துல செல்லிக் காட்டுவாங்க" என்றவர், சற்று நேரம் தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீங்க முந்திச் செல்லிட்டீங்க. நான் செல்ல வெக்கப்பட்டுக்கிட்டு இருந்த" என்றார். அந்த மாதம் அவருக்கும் மொத்த வியாபாரிகளுக்குக் கொடுத்த காசோலைகள் வரிசையாக நின்றிருக்கின்றன. வலீமா அவர் பெயரில், அரிசியும் இறைச்சியும் அவருடையது. மண்டபம், கதிரை, வட்டலப்பம், குடிபானம், நிக்காஹ் தேநீர் எங்களுடையது என்று அன்றே பிரித்துக்கொண்டோம்.

இந்த இடத்தில் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ப் (ரழி) அவர்களின் சம்பவம் வியாபாரிகளுக்குப் பொருத்தமானது. ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த அவர்கள், அன்ஸாரித் தோழர் தமது சொத்தில் பாதியைத் தர முன்வந்தும் அதனை ஏற்காமல் சந்தைக்கு வழி கேட்டார்கள். நெய்யும் உலர்ந்த பாற்கட்டியும் விற்றார்கள். பின்னர் மணமுடித்தபோது, ஓர் ஆட்டையாவது அறுத்து வலீமா கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். அது கடனில் நடந்த கலியாணமல்ல, சந்தையில் உழைத்த காசில் நடந்தது.

இனிப் பட்டியலுக்கு வருவோம். சாப்பாடு, குடிபானம், கதிரை, மண்டபத்தின் அளவு யாவும் தலை எண்ணிக்கையில் தொங்குகின்றன. இரு வீட்டாரும் எழுதிய முதற் பட்டியலில் 540 பேர் இருந்தார்கள். ஒரு சஹனுக்கு 6 பேர் என்றால் 90 சஹன். "ஒத்தரயும் உட ஏலா மச்சான், பொறகு கோவிச்சிக்குவாங்க" என்றார் எனது மச்சினன். நாங்கள் ஒரு விதி வைத்தோம். கடந்த ஒரு வருடத்தில் அவர்கள் நம் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும், அல்லது நாம் அவர்கள் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அயல் வீட்டாருக்கும் வசதி குறைந்த உறவினருக்கும் இந்த விதி கிடையாது, அவர்கள் எப்படியும் உண்டு. விடுபட்டவர்களில் பெரும்பாலோர் கொழும்பில் எனக்கு அழைப்பிதழ் அனுப்பும் பெரிய மனிதர்கள். அழைப்பிதழில் "குடும்பத்தினர்" என்று போடாமல் பெயர்களை எழுதினோம். பட்டியல் 324 பேருக்கு வந்தது, அதாவது 54 சஹன். 2020, 2021 கொரோனாக் காலத்தில் மிகச் சிலரோடு கலியாணம் முடித்தவர்களை இன்று யாரும் குறைவாகப் பேசுவதில்லை என்பதை மச்சினனுக்கு ஞாபகப்படுத்தினேன்.

ஆறு பேர் அமர்ந்தாலும் ஐந்து பேர் அமர்ந்தாலும் சஹனுக்குச் செலவு ஒன்றே. 54 சஹனிலும் ஒவ்வோர் இடம் காலியாக இருந்தால் 9 சஹன் வீண். எனவே சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் நானாவின் மகனை நிறுத்தினோம். அவர் ஆசிரியர், வரிசையில் நிறுத்திப் பழகியவர். ஆறு பேர் சேரும்வரை எந்த ஹாஜியாரையும் அவர் உள்ளே விடவில்லை. பெண்கள் பக்கத்தில் சிறுபிள்ளைகள் அதிகம் என்பதால் அந்தக் கணக்கை மாமிமாரிடமே விட்டோம். கடைசி 8 சஹனுக்குரிய அரிசியைச் சொல்லும்வரை கழுவ வேண்டாம் என்று சமையற்காரரிடம் கேட்டுக்கொண்டோம். குடிபானத்தையும் உடைக்காத பெட்டிகளைத் திருப்பி எடுப்பதாக ஒப்புக்கொண்ட கடையிலேயே எடுத்தோம்.

திகதி விடயத்திலும் கவனம் தேவை. போயா விடுமுறை வசதிதான், ஆனால் அன்று இறைச்சிக் கடைகள் மூடியிருக்கும். வருட இறுதி மழையில் பிங்கா ஓயா பெருகினால் அக்குறணை நகரில் கடைகளுக்குள் வெள்ளம் ஏறும், கண்டி-மாத்தளை வீதியும் தடைப்படும். பெருநாளுக்கு முந்திய வாரங்களில் துணி வியாபாரி கடையை விட்டு நகர முடியாது. இவற்றையெல்லாம் கழித்துவிட்டு ஒரு சனிக்கிழமையைப் பிடித்தோம்.

மணப்பெண்ணின் உடுப்பை வாடகைக்கு எடுத்தோம். துணிக் கடைக்காரனின் மகள் வாடகை உடுப்பா என்று சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

கைக்கூலி பற்றியும் ஒரு வார்த்தை. எங்களிடம் கேட்கவில்லை, நாங்களும் கொடுக்கவில்லை. கொடுப்பவர்கள் அதனை விவாகப் பதிவில் எழுதாமல் விடக் கூடாது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி கைக்கூலி என்பது மணமகளின் உபயோகத்துக்காக மணமகனிடம் கொடுக்கப்படுவது. மாப்பிள்ளையின் கடைக்கு அது முதலாகப் போனாலும், காதியாரிடம் கேட்கும் உரிமை மகளுக்கு உண்டு.

கழுவாமல் வைத்த அரிசியில் 5 சஹனுக்குரியது மிஞ்சியது. சம்பந்தியார் அதனைத் தமது கடைக்கே எடுத்துக்கொண்டு போனார். எங்கள் பொறுப்பிலிருந்த கொட்டகைக்காரர், கதிரைக்காரர், வட்டலப்பம் செய்தவர் எல்லோருக்கும் அன்று இஷாவுக்கு முன் காசு கொடுத்து முடித்தோம். கொப்பியைக் கூட்டிப் பார்த்தபோது 38,000 ரூபா மீதி இருந்தது. ஊர் வீட்டு ஜன்னல்களுக்குத் திரை போட வேண்டும் என்றார் மனைவி. கலியாணம்தான் முடிந்துவிட்டதே என்றேன். வலீமாவுக்கு வர முடியாதவர்கள் இனித்தான் வீட்டுக்கு வருவார்கள் என்றார்.