கொசுவைக் கொல்லும் பூஞ்சாணம்

தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சாணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எருக்குழியில் இதைக் கலந்துவிட்டால் அங்கே வளரும் காண்டாமிருக வண்டின் புழுக்கள் நோயுற்று மடிகின்றன. மடிந்த புழுவின் மீது பச்சை மாவு தூவியதுபோல் பூஞ்சாணம் படர்ந்திருப்பதை, குழியைக் கிளறும்போது காணலாம். இதே வகைப் பூஞ்சாணம் கொசுவையும் கொல்லும் என்பதும், மலேரியாவைத் தடுக்க இதைப் பயன்படுத்த முடியும் என்பதும் ஆப்பிரிக்க நாடுகளில் நடந்த சோதனைகளில் தெரிய வந்துள்ளன. இம்முறை எப்படி வேலை செய்கிறது, நமது உழவர்கள் இதில் கவனிக்க வேண்டியது என்ன என்பதை இங்கே காண்போம்.

இரசாயன மருந்துகள் இருக்கும்போது பூஞ்சாணம் எதற்கு என்று கேட்கலாம். நமது நாட்டில் 1953ல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, வீடுகளின் சுவர்களில் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. அதற்கு முன் ஆண்டுதோறும் சுமார் 7.5 கோடி பேரைப் பிடித்து வந்த மலேரியா, 1965ல் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் என்ற அளவுக்குக் குறைந்தது. ஆனால் 1976ல் நோயுற்றவர்களின் எண்ணிக்கை மீண்டும் 64 லட்சமாயிற்று. இதற்குப் பல காரணங்கள் உண்டு. கொசுக்கள் மருந்தைத் தாங்கும் சக்தி பெற்றுவிட்டது அவற்றில் ஒன்று. இதில் விவசாயத்திற்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பருத்திக்கும் நெல்லுக்கும் தெளிக்கும் மருந்து வாய்க்காலிலும் வயலில் தேங்கிய நீரிலும் வளரும் கொசுப் புழுக்களின் மேலும் படுகிறது. பிழைத்தவை மருந்துக்குப் பழகிய சந்ததியைப் பெருக்குகின்றன. பிறகு அதே குடும்பத்தைச் சேர்ந்த மருந்தை வீட்டுச் சுவரில் அடித்தால் பயன் எப்படிக் கிடைக்கும்?

தொட்டாலே போதும்

பாக்டீரியா, வைரஸ் போன்ற நுண்ணுயிர்கள் பூச்சியைக் கொல்ல வேண்டுமானால், பொதுவாகப் பூச்சி அவற்றைத் தின்றாக வேண்டும். பூஞ்சாணத்திற்கு அந்தத் தேவை இல்லை. அதன் வித்து பூச்சியின் உடலில் ஒட்டிக்கொண்டாலே போதும். ஈரப்பதம் கிடைத்ததும் வித்து முளைக்கிறது. தோலைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து, ஊசி இறங்குவதுபோல் உள்ளே நுழைகிறது. இரத்தத்தில் பெருகிச் சத்தை உறிஞ்சுகிறது. நச்சுப்பொருளையும் வெளிவிடுகிறது. பூச்சி இறந்த பின்பு, காற்றில் ஈரம் இருந்தால் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து மீண்டும் வித்துக்களை உண்டாக்குகிறது. இலையைத் தின்னாமல் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி, வெள்ளை ஈ போன்றவற்றுக்குப் பூஞ்சாண மருந்து ஏற்றதாக இருப்பதற்குக் காரணம் இதுவே. இரத்தம் குடிக்கும் கொசுவும் அப்படித்தான். வித்துக்கள் உள்ள சுவரிலோ துணியிலோ சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனால் அதன் கதை முடிந்தது.

ஆனால் உடனே முடிவதில்லை. நோய் கண்ட கொசு சாக ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். மருந்தடித்த மறுநிமிடம் பூச்சி விழ வேண்டும் என்று எதிர்பார்க்கும் நமக்கு இது பெரிய குறையாகத் தோன்றும். மலேரியாவைப் பொறுத்த வரையில் இது குறையே அல்ல. நோயாளியின் இரத்தத்தைக் குடித்த அனாபிலிஸ் கொசு அன்றே நோயைப் பரப்பிவிடுவதில்லை. மலேரியாக் கிருமி கொசுவின் உடலுக்குள் வளர்ந்து உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய 10 முதல் 14 நாட்கள் வேண்டும். அதுவரை அந்தக் கொசு கடித்தாலும் அரிப்புதான், காய்ச்சல் வராது. ஆகவே எல்லாக் கொசுக்களையும் கொல்ல வேண்டும் என்பதில்லை. கிழடு தட்டும் முன் கொன்றால் போதும்.

மெதுவாகக் கொல்வதில் வேறொரு நன்மையும் உண்டு. உடனே கொல்லும் மருந்தில் தப்பிய கொசு மட்டுமே முட்டையிடுகிறது. அதனால் தாங்கும் சக்தி விரைவில் பரவுகிறது. பூஞ்சாணம் பிடித்த கொசுவோ சாகுமுன் ஓரிரு முறை முட்டையிட்டுவிடுகிறது. எனவே பூஞ்சாணத்தை எதிர்க்கும் கொசுக்களுக்குப் பெரிய அனுகூலம் கிடைப்பதில்லை. எதிர்ப்புச் சக்தி உண்டாகவே உண்டாகாது என்று சொல்ல முடியாது. மெதுவாக உண்டாகும் என்று எதிர்பார்க்கலாம்.

கருப்புத் துணியும் நல்லெண்ணெயும்

2005ஆம் ஆண்டில் இரண்டு ஆய்வுகள் ஒரே சமயத்தில் வெளிவந்து உலகின் கவனத்தை ஈர்த்தன. பிரிட்டன் விஞ்ஞானிகள் பிவேரியா பேசியானா என்ற வெள்ளைப் பூஞ்சாணத்தை வலைத்துணியில் தெளித்து, எலி மலேரியாக் கிருமி ஏறிய கொசுக்களை அதில் உட்காரச் செய்தார்கள். 14 நாட்கள் கழித்துப் பார்த்தபோது, நோய் பரப்பும் நிலையில் இருந்த கொசுக்கள் ஏறத்தாழ எண்பதில் ஒரு பங்காகக் குறைந்திருந்தன. அவர்கள் எடுத்துக்கொண்டது அனாபிலிஸ் ஸ்டீபன்சி என்ற கொசு. சென்னை நகரத்தின் கிணறுகளிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும் வளர்ந்து மலேரியாவைப் பரப்புவது இதுவே.

இரண்டாவது ஆய்வு கிழக்கு ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டுக் கிராமம் ஒன்றில் நடந்தது. மெட்டாரைசியம் வித்துக்களை எண்ணெயில் கலந்து 3 சதுர மீட்டர் கருப்புப் பருத்தித் துணிகளில் பூசி, வீட்டுக் கூரையின் உட்புறம் தொங்கவிட்டார்கள். இரத்தம் குடித்த கொசு இருண்ட இடம் தேடி உட்காரும் என்பதால்தான் கருப்புத் துணி. பிடித்துப் பார்த்த கொசுக்களில் 23 சதவீதத்திற்கு நோய் கண்டிருந்தது. இந்த அளவே நீடித்தால், அங்கே ஒருவருக்கு ஆண்டில் விழும் 262 மலேரியாக் கடிகள் 64 ஆகக் குறையும் என்று கணக்கிட்டார்கள். இது கணக்குதான். ஊர் முழுவதும் நோய் குறைந்ததாகக் காட்டிய சோதனை அல்ல.

அடுத்த பெரிய முயற்சி மேற்கு ஆப்பிரிக்காவில், புர்கினா ஃபாசோ நாட்டில் நடந்தது. அதன் முடிவுகள் 2019ல் வெளியாயின. கிராமத்தைப் போலவே குடிசை, செடிகள், சிறு நீர்நிலைகள் எல்லாம் அமைத்து, வலையால் மூடிய பெரிய கொட்டகையில் இச்சோதனையைச் செய்தார்கள். மருந்துகளுக்குப் பழகிய 1,500 கொசுக்களை ஒவ்வொரு அறையிலும் விட்டார்கள். வித்துக்களைக் கலந்தது வேறெதிலும் அல்ல, நம் வீட்டு நல்லெண்ணெயில்தான். 45 நாட்களில் பூஞ்சாணம் இல்லாத அறையில் 1,396 கொசுக்களும், சாதாரண மெட்டாரைசியம் இருந்த அறையில் 455 கொசுக்களும் இருந்தன. ஆஸ்திரேலியச் சிலந்தி ஒன்றின் நஞ்சைச் சுரக்கும்படி மரபணு மாற்றிய மெட்டாரைசியம் இருந்த அறையில் எஞ்சியவை 13 மட்டுமே. 13 என்ற எண்தான் எங்கும் பேசப்பட்டது. நமக்கு முக்கியமாகப் படுவது 455 என்ற எண். மரபணுவில் கை வைக்காத, நமது எருக்குழியில் போடும் வகையைச் சேர்ந்த பூஞ்சாணமே மூன்றில் இரண்டு பங்கு கொசுக்களைக் குறைத்திருக்கிறது.

தண்ணீரில் என்ன நிலை?

வளர்ந்த கொசுவைவிட, தண்ணீரில் இருக்கும் புழுவை அழிப்பது எளிது என்று நினைக்கலாம். மெட்டாரைசியம், பிவேரியா இரண்டும் நிலத்திற்கு உரியவை. இவற்றின் வித்துக்கள் நீரில் ஒன்றுசேர்ந்து மிதந்து விரைவில் வீரியம் இழக்கின்றன. நீரில் வாழும் சீலோமோமைசஸ் என்ற பூஞ்சாணம் கொசுப் புழுவைக் கூட்டமாகக் கொல்வதுண்டு. இந்தியாவில் அனாபிலிஸ் புழுக்களில் இதைக் கண்டு 1935லேயே எழுதியிருக்கிறார்கள். ஆனால் இதை வளர்த்துப் பெருக்குவது கடினம். ஒரு தலைமுறை கொசுப் புழுவிலும், மறு தலைமுறை சைக்ளாப்ஸ் போன்ற நுண்ணிய நீர்ப்பிராணியிலும் (நரம்புச் சிலந்தியைப் பரப்பி வந்த அதே வகைதான்) வளர்ந்தாக வேண்டும் என்பது 1970களின் நடுவில்தான் தெரிந்தது. லாஜினிடியம் என்ற மற்றொன்று அமெரிக்காவில் கொசுப் புழுவுக்கான மருந்தாகவே விற்பனைக்கு வந்தது. பின்னர், நாய் முதலிய பாலூட்டிகளின் புண்களிலிருந்து எடுத்த கிருமிகளும் இதே இனம் என்று 2015ல் வெளியான ஆய்வு காட்டியது. இயற்கையானது என்பதால் எல்லாமே தீங்கற்றது என்று முடிவு செய்துவிடலாகாது.

கொசுப் புழுவுக்கு இன்று பயன்படும் பி.டி.ஐ. என்பது பூஞ்சாணம் அல்ல, பாக்டீரியா. புதுச்சேரியில் உள்ள கொசு ஆராய்ச்சி மையம் இதற்கென ஒரு நல்ல இரகத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துள்ளது. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்ப வேண்டாம்.

பட்டுப்புழு வளர்ப்போர் கவனத்திற்கு

பயிருக்கு வாங்கிய பிவேரியா, மெட்டாரைசியம் பொட்டலத்தைக் கரைத்து வீட்டுக்குள் தெளிக்கலாமா என்ற கேள்வி எழும். கூடாது. அவை பயிர்ப் பூச்சிகளுக்கென்று தேர்ந்தெடுத்த இரகங்கள். கொசுவை அதே வேகத்தில் தாக்கும் என்ற உறுதி இல்லை. மூடிய அறையில் வித்துத் தூளைச் சுவாசித்தால் சிலருக்கு ஒவ்வாமையும் வரும்.

இன்னும் பெரிய ஆபத்து பட்டுப்புழுவுக்குத்தான். பிவேரியா பேசியானா என்பது பட்டுப்புழுவைச் சுண்ணாம்புக் கட்டியைப்போல் விறைக்கச் செய்யும் அதே நோயின் கிருமி. இத்தாலியில் அகஸ்டினோ பாசி என்பவர் 1835ல் அந்நோய்க்குக் காரணம் ஒரு பூஞ்சாணமே என்று நிரூபித்ததால்தான் அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். மெட்டாரைசியமும் பட்டுப்புழுவுக்குப் பச்சை நிற நோயைத் தரும். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஈரோடு, உடுமலைப் பகுதிகளில் மல்பெரி பயிரிடுவோர் இவ்விரண்டையும் புழு வளர்ப்பு மனையிலும் மல்பெரித் தோட்டத்திலும் அறவே தவிர்க்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் தெளிப்பதாக இருந்தால் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது. காற்றில் வரும் வித்து வரப்பைப் பார்த்து நிற்காது.

கொசுவுக்கான பூஞ்சாணம் நமது கிராமங்களுக்கு வர இன்னும் சில இடையூறுகள் உள்ளன. வெயில் பட்டால் வித்து சில மணி நேரத்தில் செத்துவிடும். வீட்டுக்குள் தொங்கும் துணியில்கூட, வெப்பத்தில் சில வாரங்களில் வீரியம் குறைகிறது. டி.டி.டி.யைப்போல் ஆறு மாதம் நிற்கும் இரகம் கிடைத்தால் நிலைமை மாறும்.

அதுவரை நெல் வயலில் உழவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு நெல் வயல் நீரில் பெருகுவது. 1955ல் வேலூரில்தான் இந்நோய் இந்தியாவில் முதன்முதலாக மனிதரிடம் கண்டறியப்பட்டது. மதுரையில் இருந்த கொசு ஆராய்ச்சி நிலையத்தார் 1990களில் நடத்திய வயல் சோதனைகளில், யூரியாவுடன் வேப்பம் பிண்ணாக்கைச் சேர்த்து இட்டு, நீரைத் தொடர்ந்து தேக்காமல் விட்டுவிட்டுப் பாய்ச்சியபோது இக்கொசுவின் புழுக்கள் குறைந்தன. கடையில் இப்போது கிடைக்கும் வேப்பெண்ணெய் பூசிய யூரியா இதற்கு ஈடாகாது. பிண்ணாக்கைத் தனியாகத் தூளாக்கிக் கலக்க வேண்டும்.