கொள்ளுத் தாத்தா காலமானது எப்போது?

ஆடி அமாவாசை. குற்றாலத்தில் பேரருவி இரைந்து கொட்டுகிறது. பொழுது விடியுமுன்பே ஜனங்கள் வந்து குவிந்துவிட்டார்கள். குளித்து எழுந்தவர்கள் ஈர வேட்டியுடன் வரிசையாக உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் இறைக்கிறார்கள்.

"தகப்பனார் பேரைச் சொல்லுங்கோ" என்கிறார் புரோகிதர். உடனே பதில் வருகிறது. "பாட்டனார்?" கொஞ்சம் யோசித்து அதையும் சொல்லிவிடுகிறார்கள். "அவருடைய தகப்பனார்?" அவ்வளவுதான்! பலர் விழிக்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் சித்தப்பாவைப் பார்க்கிறார்கள். அவரும் உதட்டைப் பிதுக்குகிறார். பெண்கள் பெயரைக் கேட்டாலோ, பாட்டியோடு கணக்கு நின்றுவிடுகிறது.

பெயருக்கே இந்தக் கதி என்றால், காலமான தேதிக்கு எங்கே போவது?

பட்டாவில் வாழ்கிறவர்

அருவிக்கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டரில் தென்காசி. அங்கே தாலுகா ஆபீசிலும் இதே கேள்விதான். நிலத்தின் பட்டா இன்னும் கொள்ளுத் தாத்தா பெயரிலேயே இருக்கும். மனிதர் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாயிற்று. சர்க்கார் கணக்கில் மட்டும் அவர் இன்னமும் மிராசுதார்! பேரப்பிள்ளைகள் பட்டா மாற்றப் போனால், "இறப்புச் சான்றிதழ் எங்கே? வாரிசுச் சான்றிதழ் எங்கே?" என்று கேட்கிறார்கள். புண்ணியத்துக்கு மட்டுமல்ல, பூமிக்கும் அந்தத் தேதி வேண்டியிருக்கிறது.

முன்சீப் எழுதிய ஏடு

சென்னை மாகாணத்தில் 1860-களிலேயே சாவுக் கணக்கு எழுத ஆரம்பித்துவிட்டார்கள். வம்ச சரித்திரத்துக்காக அல்ல. காலராவும் அம்மையும் எந்த ஊரில் எத்தனை பேரைக் கொண்டுபோயின என்று அறிவதற்காக! 1899-ல் பிறப்பு, இறப்புப் பதிவுக்கென்றே மாகாணச் சட்டம் ஒன்று வந்தது. 1969-ல் நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் ஏற்பட்டது.

கிராமத்தில் இந்த ஏட்டை எழுதி வந்தவர் கிராம முன்சீப். 1980 நவம்பரில் முன்சீப், கர்ணம் உத்தியோகங்கள் ஒழிக்கப்பட்டன. அந்தப் பொறுப்பு கிராம நிர்வாக அலுவலரிடம் வந்தது.

தேடப் போகிறவர்கள் முதலில் ஊரைத் தீர்மானித்துக் கொள்ள வேண்டும். குடியிருந்த ஊர் அல்ல. உயிர் பிரிந்த ஊர். தென்காசிக்காரர் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் காலமாகியிருந்தால், பதிவும் அங்கேதான் இருக்கும். கிராமத்துப் பழைய ஏடுகளைச் சார்பதிவாளர் ஆபீசில் கேட்க வேண்டும். நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள் என்றால் அந்தந்த ஆபீசில் கேட்க வேண்டும். கட்டணம் கட்டி ஏட்டைத் தேடச் சொல்லவும், நகல் வாங்கவும் சட்டம் இடம் தருகிறது. மரணத்தின் காரணத்தை மட்டும் நகலில் காட்டமாட்டார்கள்.

செங்கோட்டைக் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கல். 1956 நவம்பர் 1-ந் தேதி வரையில் அந்தத் தாலுகா திருவாங்கூர்-கொச்சியைச் சேர்ந்திருந்தது. சமஸ்தான காலத்துத் தஸ்தாவேஜுகளைத் தேடத் திருவனந்தபுரத்தில் உள்ள கேரள ஆவணக் காப்பகம் வரை போக வேண்டியிருக்கும். தென்காசி தனி ஜில்லாவானதோ 2019 நவம்பரில்தான். அதற்கு முந்திய தஸ்தாவேஜுகளில் ஜில்லா என்றால் திருநெல்வேலி.

எந்த விகாரி?

பல வீடுகளில் பரணில் ஒரு பழைய நோட்டுப் புத்தகம் கிடக்கும். அதில், "விகாரி வருஷம் ஆவணி மாதம் கிருஷ்ணபட்ச பஞ்சமியில் சிவலோகப் பிராப்தி" என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக் கொள்வோம். தேதி கிடைத்துவிட்டது என்று துள்ளிக் குதிக்க வேண்டாம். விகாரி 60 வருஷத்துக்கு ஒரு தடவை வரும். 2019-ல் வந்தது, 1959-ல் வந்தது, 1899-லும் வந்தது. இவர் எந்த விகாரியில் போனார்?

இங்கேதான் நெல்லைச் சீமையின் பழைய வழக்கம் கை கொடுக்கிறது. இந்தப் பக்கத்தில் கொல்லம் ஆண்டையும் சேர்த்து எழுதுவார்கள். "கொல்லம் 1075" என்று ஓரத்தில் இருந்தால் முடிச்சு அவிழ்ந்தது. ஆவணி முதல் டிசம்பர் வரை என்றால் 824-ஐயும், ஜனவரிக்குப் பிறகு என்றால் 825-ஐயும் கூட்ட வேண்டும். ஆவணி ஆனதால் 1075-உடன் 824. ஆக, 1899! பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டினால் ஆகஸ்ட் கடைசி வாரம் என்று தெரிந்துவிடும்.

நோட்டும் இல்லையா? பாட்டிமார் வாய்மொழியைக் கேளுங்கள். "தாது வருஷப் பஞ்சத்தில் போனவர்" என்றால் 1876-ஐ ஒட்டிய காலம் என்று கொள்ளலாம்.

பத்திரம் பேசும்

இறப்பு ஏட்டில் அகப்படாதவர் கிரயப் பத்திரத்தில் அகப்படுவது உண்டு. 1912-ல் ஒருவர் தாமே கையெழுத்திட்டு வயலை அடமானம் வைத்திருக்கிறார். 1919-ல் பாகப் பத்திரத்தில் பிள்ளைகள், "காலஞ்சென்ற இன்னாரின் குமாரர்கள்" என்று எழுதிக் கொள்கிறார்கள். அப்படியானால் தகப்பனார் காலமானது இந்த 7 வருஷத்துக்குள். இனி ஏட்டில் அந்த வருஷங்களை மட்டும் புரட்டினால் போதும். இனாம் நிலம் இருந்த குடும்பமானால், 1858-ல் தொடங்கிய இனாம் கமிஷனின் ரிஜிஸ்தர்களைச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம். அனுபவதாரரின் பெயரும் வயதும்கூட அவற்றில் உண்டு.

கிறிஸ்தவர்கள் மாதா கோயில் அடக்கப் பதிவேட்டையும், முஸ்லிம்கள் ஜமாஅத்தையும் விசாரிக்கலாம். அந்தக் காலத்தில் இங்கே மாண்ட வெள்ளைக்காரர்களின் அடக்கப் பதிவு நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

எங்குமே பதிவு இல்லையென்றால்? ஒரு வருஷத்துக்கு மேல் பதியாமல் விட்ட மரணத்தை, கலெக்டர், கோட்டாட்சியர் போன்ற அதிகாரிகள் விசாரித்து உத்தரவிட்ட பிறகே பதிய முடியும். 2023-ல் திருத்தப்பட்ட சட்டம் அப்படிச் சொல்கிறது. அதற்கும் சாட்சியாக மேற்படி காகிதங்கள்தாம் வேண்டும்.

ஏடே இல்லாதவர்கள்

தென்காசி, கடையநல்லூர் வட்டாரத்திலிருந்து மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பலர் பிழைக்கப் போனார்கள். யுத்த காலத்தில், 1942-43-ல், ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ரயில் பாதை போட்டனர். மலேயாத் தமிழர் ஆயிரமாயிரமாக அங்கே கொண்டு போகப்பட்டு, காலராவிலும் பட்டினியிலும் மாண்டார்கள். அந்தப் பாதையில் இறந்த நேசநாட்டுச் சிப்பாய்களுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் உண்டு. கூலிகளுக்கோ கல்லறையும் இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை. "போனவர் திரும்பவில்லை" என்பதே அவர்கள் குடும்பங்களில் மிஞ்சிய மரணப் பதிவு.

நம் பெரியவர்கள் இதற்கும் ஒரு வழி வைத்தார்கள். திதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையில் கொடுக்கலாம் என்றார்கள். ஆனால், பெயரையாவது சொல்ல வேண்டுமே!

ஆகையால், வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இன்றைக்கே ஒரு நோட்டை எடுத்துக் கொண்டு அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். பெயர், ஊர், வருஷம், மாதம், திதி எல்லாவற்றையும் கேட்டு எழுதுங்கள். பாட்டிகளின் பெயரையும், அவர்கள் பிறந்த ஊரையும் மறக்காமல் எழுதுங்கள். அடுத்த ஆடி அமாவாசைக்குப் பேரருவிக் கரையில் புரோகிதர் மூன்றாவது பெயரைக் கேட்கும்போது, சித்தப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டியிராது.