நாடகத்திலே காட்டு வேலைக்காரன் எங்கே?

டிவி நாடகத்தைப் பற்றிச் சங்கத்துக்காரன் எழுத என்னய்யா இருக்கு என்று சில தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். விடிவதற்குள் பெரட்டுக்குப் போய், நிரை முடித்துப் பால் நிறுத்தோ, குலை வெட்டிப் போட்டோ வீடு திரும்புகிறவர்களுக்குச் சாயங்காலம் டிவி முன்னே உட்காருவது ஒரு இளைப்பாறல். அதைக் கெடுப்பது நம் நோக்கமல்ல. ஆனால் பெட்டிக்குள்ளே தெரிகிற ஆளு யார், தெரியாமல் போன ஆளு யார் என்று பார்க்கப் பழகிக்கொண்டால் நல்லது. அதற்காக இந்த வாரம் இரண்டு வெளிநாட்டு நாடகங்களை எடுத்துக்கொள்கிறோம். இரண்டும் தோட்டத்துக் கதைகள். நம்முடைய தோட்டமல்ல, அடிமைத் தோட்டம்.

இந்தக் கேள்விகளைப் படிப்பாகவே ஆக்கியவர் ஒருவர் உண்டு. ஸ்டூவர்ட் ஹால் என்று பெயர். 1932-ல் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்தில் பிறந்து, இங்கிலாந்தில் பேராசிரியராக இருந்து, 2014-ல் காலமானவர். ஜமைக்கா கரும்புத் தோட்டத் தீவு. ஆப்பிரிக்க அடிமைகள் வெட்டிய கரும்பை, அடிமைத்தனம் ஒழிந்த பிறகு 1845-லிருந்து இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுபோன ஒப்பந்தக் கூலிகளும் வெட்டினார்கள். ஹால் காட்டு வேலை செய்த குடும்பத்துப் பிள்ளை அல்ல, நடுத்தரக் குடும்பம். ஆனாலும் தோட்டத் தீவில் எந்த நிறத்தவனுக்கு எந்த இடம் என்பதைச் சின்ன வயசிலேயே கண்டவர்.

அவர் சொன்னதை நம் வழக்கத்தில் சொல்வதானால் செக்ரோலை நினைத்துக்கொள்ளுங்கள். கிராணியார் எழுதுவதுதான் செக்ரோலில் ஏறும். எத்தனை நாள் வேலை, எத்தனை கிலோ என்று ஏறும். மழையில் நனைந்ததும் முதுகு வலித்ததும் ஏறாது. எழுதியது பொய்யல்ல, ஆனால் பேனா யார் கையில் இருக்கிறதோ அவர் பார்த்த அளவுதான் அது. டிவி நாடகமும் அப்படித்தான். 1973-ல் எழுதிய கட்டுரையில் ஹால் இன்னொன்றும் சொன்னார். தயாரிப்பாளர் ஒரு அர்த்தத்தை வைத்து அனுப்பினாலும், பார்க்கிறவர் அதை அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. முழுசாக ஒத்துக்கொள்ளலாம், பாதி ஒத்துக்கொண்டு பாதிக்குத் தன் அனுபவத்தைச் சொல்லலாம், 'இது முதலாளி பார்வை, எனக்கு வேண்டாம்' என்று எதிர்த்தும் பார்க்கலாம்.

இப்போது நாடகத்துக்கு வருவோம். 1977 ஜனவரியில் அமெரிக்காவில் ஏபிசி தொலைக்காட்சி 'ரூட்ஸ்' என்ற தொடரை எட்டு இரவு தொடர்ந்து காட்டியது. ரூட்ஸ் என்றால் வேர்கள். அலெக்ஸ் ஹேலி எழுதிய புத்தகத்தின் கதை. காம்பியா நாட்டில் பிடிபட்டு அடிமையாக விற்கப்பட்ட குந்தா கிந்தே என்ற வாலிபனும் அவன் வாரிசுகளும்தான் கதை. கடைசி இரவில் சுமார் 10 கோடிப் பேர் பார்த்ததாகக் கணக்கு. அதுவரை அமெரிக்க டிவியில் கறுப்பரின் குடும்பக் கதையை இப்படி அவர்கள் பக்கத்திலிருந்து யாரும் சொன்னதில்லை.

அதில் ஒரு காட்சியைப் பார்த்தவர்கள் மறப்பதில்லை. குந்தாவுக்கு எஜமான் 'டோபி' என்று பேர் வைக்கிறான். உன் பேர் என்ன என்று கேட்டுக் கேட்டுச் சவுக்கடி. 'குந்தா கிந்தே' என்றே அவன் சொல்லிக்கொண்டிருக்கிறான். முதுகு கிழிந்த பிறகுதான் 'டோபி' என்று வாயிலிருந்து வருகிறது. வேலை வாங்குவதற்கு ஒருவனின் பேர் எதற்கு இடைஞ்சல்? பேர் இருந்தால் ஊர் இருக்கும், தாய் தகப்பன் இருக்கும், கேள்வி கேட்கிற மனுஷன் இருப்பான். அதனால்தான் பேரை முதலில் பிடுங்குகிறார்கள்.

ஆனால் அந்தத் தொடரிலும் பேனா யார் கையில் இருந்தது என்று பார்க்க வேண்டும். குந்தாவாக நடித்த லெவார் பர்ட்டன் அப்போது யாருக்கும் தெரியாத 19 வயசுக் கல்லூரி மாணவர். அவரைச் சுற்றி, வெள்ளைக்கார ரசிகர்கள் மிரண்டுவிடக் கூடாதென்று, டிவியில் பழகிய வெள்ளை முகங்களாகப் போட்டார்கள். எட் ஆஸ்னர் அடிமைக் கப்பலின் கேப்டனாக வந்து மனச்சாட்சி உறுத்தித் தவிக்கிறார். இந்தத் தவிப்பு டிவிக்காகவே சேர்த்தது. கப்பல் அடித்தட்டில் சங்கிலியில் கிடந்தவர்கள் நூற்றுக்கும் மேல். அவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கேப்டன் அளவுக்குப் பேச்சு கிடைத்தது?

தொழிலாளியின் கண் இன்னும் ஒன்றைப் பிடிக்கும். குந்தா, கால் வெட்டப்பட்ட பிறகு, குதிரை வண்டியோட்டி ஆகிறான். மனைவி பெல் பெரிய வீட்டுச் சமையல்காரி. நண்பன் பிடில் வாசிக்கிறவன். பேரன் சண்டைச் சேவல் பழக்குகிறவன். கொள்ளுப்பேரன் கொல்லன். பருத்தியும் புகையிலையும் எடுத்த காட்டு வேலைக்காரன் தூரத்தில் குனிந்து நிற்கிறான். அவன் முகத்துக்குக் கேமரா கிட்டே போவதில்லை. தோட்டத்தையே தூக்கி நிறுத்தியவன் அவன்தானே! கடைசியில் குடும்பம் டென்னசி மாநிலத்துக்குப் போய்ச் சொந்த நிலத்தில் நிற்கிறது. சந்தோஷம். ஆனால் விடுதலைக்குப் பிறகு பழைய எஜமானின் நிலத்திலேயே வாரத்துக்கு உழுது கடனில் முழுகின லட்சக்கணக்கான பேரின் கதை அதோடு முடியவில்லை.

இரண்டாவது நாடகம் பிரேசிலுடையது. 1976 அக்டோபரில் தொடங்கிய 'எஸ்க்ராவா இசாவ்ரா', அதாவது அடிமைப் பெண் இசாவ்ரா. சீனா, கியூபா, போலந்து என்று உலகம் பூராவும் போய் ஜனங்களை அழ வைத்தது. இசாவ்ரா வெள்ளை நிறம், பியானோ வாசிப்பாள், எஜமானியம்மா மகள் மாதிரி வளர்த்தவள். நடித்த லூசேலியா சாந்தோஸும் வெள்ளைக்காரப் பெண். அவளுக்குக் கெடுதல் செய்கிற பொறாமைக்கார அடிமை ரோசாவாக வந்தவர் கறுப்பு நடிகை லேயா கார்சியா. கவனியுங்கள்: அடிமை வெள்ளையாக இருந்தால் 'ஐயோ பாவம்', கறுப்பாக இருந்தால் வில்லி. 1888-ல் அடிமைத்தனம் ஒழிந்த நாட்டில், ஒழித்ததைக் கொண்டாடுகிற கதையில் இப்படி.

அப்போது பிரேசிலில் ராணுவ ஆட்சி. 'அடிமை' என்ற சொல்லையே போடக் கூடாதென்று தணிக்கைக்காரர்கள் தடுத்ததால், 'உருப்படி' என்று அர்த்தம் வரும் சொல்லைப் போட்டதாக நாடகம் எழுதிய ஜில்பெர்த்தோ பிராகா பின்னால் சொன்னார். மனுஷனை உருப்படி என்று எண்ணுவது அடிமை வியாபாரிகளின் சொல்தான். சொல்லை மறைக்கப் போய் உள்ளதைச் சொல்லிவிட்டார்கள்.

ஹாலின் இன்னொரு கருத்து நமக்கு அவசியம். 'நாம் யார்' என்பது மண்ணுக்குள் முழுசாகப் புதைந்து கிடக்கிற பொருள் அல்ல, தோண்டினால் அப்படியே கிடைத்துவிடாது. கதை சொல்லச் சொல்லத்தான் அது உருவாகிறது என்றார். ரூட்ஸ் இதற்கே சாட்சி. ஹேலியின் வம்சக் கணக்கில் ஓட்டை இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். இன்னொருவர் நாவலிலிருந்து எடுத்த பகுதிகளுக்காக வழக்கு வந்து 1978-ல் சமரசமானது. இருந்தும், அந்தக் கதையைப் பார்த்துத்தான் எத்தனையோ கறுப்புக் குடும்பங்கள் தங்கள் பாட்டன் பூட்டனைத் தேடிப் புறப்பட்டன. 2016-ல் அதே கதையை மறுபடி எடுத்தபோது, சின்னக் கிராமமாக இருந்த குந்தாவின் ஊர் ஆற்றங்கரை வணிக ஊராகியது. குந்தா போர் பழகிய வீரனாக வந்தான். நாற்பது வருஷத்தில் சொல்கிறவர்கள் மாறினார்கள், குந்தாவும் மாறினான்.

நம் பக்கம் வருவோம். இன்று நம் தோட்டங்களில் வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளத்திலிருந்து வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். பெரட்டில் பக்கத்தில் நிற்கிற தம்பியை 'ஏய் பங்களா' என்று கூப்பிடுகிறவர்கள் நம்மிலேயே உண்டு. அவனுக்குப் பேர் இல்லையா? 'ஏய் கூலி' என்று நம் தாத்தாமாரைக் கூப்பிட்டது யார் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

கோயில் திருவிழாவுக்கு மேடை நாடகம் போடுகிற இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டத்துக் கதை எழுதினால் முதல் காட்சியைத் துரை பங்களாவில் வைக்காதீர்கள். குடிகாரன் ஒருவனைத் தள்ளாட விட்டுச் சிரிக்க வைப்பது சுலபம், அதையும் தள்ளி வையுங்கள். விடியற்காலை மணிக்கு முன்னால், லயத்தில் அடுப்பு மூட்டுகிற அம்மாவிடமிருந்து ஆரம்பியுங்கள். அவருக்கு ஒரு பேர் வையுங்கள். என்ன பேசுவார் என்று தெரியாவிட்டால் பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கேளுங்கள், சொல்லுவார்.