வெயில் அடித்தால் படிந்துவிடுமா?

புதுக் கூரை போட்டு இரண்டு வாரம் ஆகிறது. மாலை வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஷிங்கிள்கள் அங்கங்கே மேடும் பள்ளமுமாகத் தெரிகின்றன. ரூஃபிங்காரரைக் கூப்பிட்டுக் கேட்டால், ரொறன்ரோப் பக்கம் பெரும்பாலும் வரும் பதில் இதுதான்: "அண்ணை, நாலு வெயில் அடிக்க எல்லாம் படிஞ்சிடும்." இது பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பிச் சும்மா இருப்பவர்களை மீதிப் பாதி மாட்டிவிடுகிறது.

முதலில் உண்மையான பாதி. கட்டுக் கட்டாக அடுக்கிவைத்த தார் ஷிங்கிள் வளைந்துதான் வரும். குளிரில் விறைத்தும் இருக்கும். கூரையில் சூடு ஏறியதும் அது இளகி அமரும். இன்று பெரும்பாலான வீடுகளில் போடுவது இரண்டு அடுக்கு ஒட்டிய வகை. அதன் மேலடுக்கு வேண்டுமென்றே பல் பல்லாக வெட்டப்பட்டது. ஒழுங்கில்லாத அந்தத் தோற்றத்துக்குத்தான் காசு கொடுக்கிறோம். தண்ணீர்ப் பீலியில் முதல் சில மழைக்கு மணல் போன்ற துகள் விழுவதும் வழக்கம். இவற்றுக்காக யாரோடும் சண்டைக்குப் போக வேண்டாம்.

ஆனால் எல்லா மேடும் ஷிங்கிளில் இருப்பதில்லை. அடியில் இருக்கும் பலகை 4 அடிக்கு 8 அடி. பலகைக்கும் பலகைக்கும் நடுவே அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, ஏறத்தாழ 3 மில்லிமீட்டர், இடைவெளி விட வேண்டும். விடாமல் நெருக்கி அடித்தால், ஈரம் பட்டு ஊதும்போது இரண்டு விளிம்பும் ஒன்றையொன்று தள்ளி மேலே எழும். கூரையின் குறுக்கே நேர்கோடாக ஒரு புடைப்பு, ஒரு பலகை அளவு தள்ளி இன்னொன்று என்று தெரிந்தால் அது பலகை மூட்டு. எத்தனை கோடை போனாலும் அது படியாது. பழைய ஷிங்கிளைக் கழற்றாமல் அதன் மேலேயே புதிதைப் போட்டிருந்தாலும் அடியிலுள்ள கோணல் மேலே தெரிந்துகொண்டே இருக்கும்.

பலகைக்கு ஈரம் எங்கிருந்து வருகிறது? மழையிலிருந்து மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஜனவரியில் ஒரு டோர்ச் லைட்டோடு அட்டிக்குக்குள் தலையை நீட்டிப் பாருங்கள். பலகையைத் துளைத்து வந்த ஆணி முனைகளில் வெள்ளையாக உறைபனி பூத்திருந்தால் வீட்டு ஆவி மேலே போய்ச் சேர்கிறது. குளியலறை விசிறியின் குழாய் கூரைக்கு வெளியே போகாமல் அட்டிக்குக்குள்ளேயே விடப்பட்டிருப்பது அடிக்கடி காணும் குறை. காலையிலிருந்து இரவுவரை ஏதாவது கொதித்துக்கொண்டிருக்கும் நம்மவர் சமையலறை என்றால், அடுப்புக்கு மேலுள்ள விசிறி எங்கே முடிகிறது என்றும் பார்க்க வேண்டும். இந்தக் குறை இருக்கும்வரை ஷிங்கிளை மட்டும் மாற்றுவது பணத்தை வீணாக்கும் வேலை.

அடுத்தது ஆணி. ஷிங்கிளில் ஆணி அடிக்கவென்று ஒரு பட்டை கோடு போட்டே வருகிறது. இரண்டு அடுக்கும் ஒன்றன்மேல் ஒன்று வருவது அந்த இடத்தில்தான். அவசரத்தில் ஆணி அதற்கு மேலே போனால் பின்னடுக்கைப் பிடிக்காது. செங்குத்தான கூரையில் அந்த அடுக்கு மெல்ல வழுக்கி இறங்கும். காற்றழுத்தத் துப்பாக்கியின் விசை கூடினால் ஆணித்தலை ஷிங்கிளை வெட்டிக்கொண்டு உள்ளே போய்விடும். விசை குறைந்தால் தலை வெளியே நிற்கும். அதன் மேல் வரும் ஷிங்கிளில் சிறு பரு போல ஒரு மேடு தெரியும். அந்தப் பரு இரண்டு கேடு செய்கிறது: மேல் ஷிங்கிளை ஒட்டவிடாது, நாளடைவில் அதைத் தேய்த்து ஓட்டையும் போடும். மெத்தனமாக விடக்கூடாத மேடு இதுதான். கீழிருந்து பார்த்தால் மிகச் சிறியதாகத் தெரிவதும் இதுதான்.

ஒட்டுவது பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். ஒவ்வொரு ஷிங்கிளிலும் ஒரு தார்ப் பசைக் கோடு உண்டு. வெயில் சூட்டில் அது இளகி அடுத்ததோடு பிடித்துக்கொண்டால்தான் காற்றைத் தாங்கும். நவம்பரில் போட்ட கூரை வசந்தம்வரை ஒட்டாமலே கிடக்கலாம். அதற்குள் தூசி படிந்துவிட்டால் பிறகு வெயில் அடித்தும் பிடிக்காது. அதனால்தான் குளிரில் வேலை செய்தால் ஒவ்வொன்றின் அடியிலும் நாணயம் அளவுக்குக் கூரைப் பசையைக் கையால் வைத்து ஒட்டும்படி உற்பத்தியாளர்களின் குறிப்பு சொல்கிறது. புளோரிடா பல்கலைக்கழகப் பொறியியலாளர்கள் வீட்டுக் கூரைகளில் ஏறிச் சோதித்தபோது, பார்வைக்கு ஒழுங்காக இருந்தவற்றிலும் ஒட்டு விட்டுப்போன ஷிங்கிள்கள் அகப்பட்டன. 2022 மே 21 அன்று தென் ஒன்ராறியோவைக் கடந்த டெரேச்சோ புயலில் பியர்சன் விமான நிலையத்தில் காற்று மணிக்கு 120 கிலோமீட்டரை எட்டியது. அப்படியொரு நாளில் ஓரம் தூக்கிய ஒரு ஷிங்கிள் போதும், வரிசையே உரிய.

ஆகவே கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "ஏன் மேடாக இருக்கிறது?" என்றால் ரூஃபிங்காரர் வெயிலைக் காட்டிவிடுவார். "எத்தனை ஆணி, எந்தக் கோட்டில்? குளிரில் கையால் ஒட்டினீர்களா? எத்தனை பலகை மாற்றினீர்கள்? வேலை நடக்கும்போது எடுத்த படம் இருக்கிறதா?" என்று எழுத்தில் கேளுங்கள். நீங்களே ஏறி ஓரத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டாம். குளிரில் ஷிங்கிள் முறியும், மனிதரும் விழலாம். வேலை செய்தவரோடு சம்பந்தமில்லாத ஒரு பரிசோதகரை அனுப்புங்கள். அவர் அறிக்கை வரும்வரை கடைசித் தவணையைப் பிடித்துவைக்கும்படி ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது.

வாழ்நாள் உத்தரவாதம் என்று அச்சடித்த தாளை அதிகம் நம்பாதீர்கள். அது பொருளின் உற்பத்திக் குறைக்கு. பிழையாக அடித்த ஆணிக்கு அல்ல. புது வீடு வாங்கியவர் என்றால், ஒன்ராறியோவில் புது வீடுகளுக்கான டாரியன் உத்தரவாதத்தில் வேலைப்பாட்டுக் குறைக்கு ஓராண்டு, தண்ணீர் உள்ளே வருவதற்கு இரண்டாண்டு. பழைய வீட்டுக்குக் கூரை மாற்றியவருக்கு ஒன்ராறியோச் சட்டம் வழக்குப் போடத் தரும் பொதுவான காலம், குறையை அறிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. வெயிலுக்காகக் காத்திருக்கும் மாதங்களும் அந்தக் கணக்கில்தான் கழியும்.