பர்மாவில் பிள்ளை வளர்த்தோர்

பாரிமுனைப் பக்கம் சென்று அத்தோ உண்ணாமல் திரும்பியவர் எங்கள் வகுப்பில் ஒருவரும் இலர். மஞ்சள் நிற நூடுல்சுடன் முட்டைக்கோசு, பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், வறுத்த கடலை மாவு, மிளகாய்த்தூள் ஆகியவற்றைச் சேர்த்துக் கடைக்காரர் கையாலேயே பிசைந்து தருவார். கூடவே வாழைத்தண்டு சூப்பு ஒரு கிண்ணம். 'அத்தோ' என்றால் என்ன பொருள் என்று எங்களுள் ஒருத்தி ஒருநாள் கேட்டாள். எவருக்கும் தெரியவில்லை. கடைக்காரரே சொன்னார்: "பர்மாக்காரங்க பாஷையில கலந்தது, பிசைஞ்சதுன்னு அர்த்தம், பாப்பா."

அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. சமூக அறிவியல் செயல்திட்டத்திற்காக நாங்கள் நால்வர் எர்ணாவூரை அடுத்த பர்மா நகருக்குச் சென்றோம். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் ஆயா அங்கே வாழ்கிறார். 1955ஆம் ஆண்டு இரங்கூனில் பிறந்து, 1966இல் தம் பதினொன்றாம் வயதில் கப்பலேறிச் சென்னை வந்தவர். தம் பெயரைப் பத்திரிகையில் எழுத வேண்டாம் என்றார். எனவே ஆயா என்றே எழுதுகிறோம்.

முதலில் நம்மவர் அங்கே எப்படிச் சென்றனர் என்பதைக் கூற வேண்டும். பர்மா (1989 முதல் மியன்மா) ஆங்கிலேயர் ஆட்சியில் 1937 வரை இந்தியாவின் ஒரு மாகாணமாகவே இருந்தது. ஆகவே அங்கே செல்வது அயல்நாடு செல்வதாகவே கருதப்படவில்லை. ஐராவதி ஆற்றுப் படுகையில் நெல் விளைவிக்கவும், இரங்கூன் துறைமுகத்தில் மூட்டை சுமக்கவும், அரிசி ஆலைகளில் உழைக்கவும் ஆட்கள் வேண்டியிருந்தனர். வட்டித் தொழிலுக்குச் செட்டிநாட்டு நகரத்தார் சென்றனர். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பர்மாவில் இருந்த இந்தியர் பத்து இலட்சத்திற்கும் மேல். இரங்கூன் நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டவர் இந்தியரே. 'பராசக்தி' (1952) படத்தைப் பார்த்தவர்கள், அதில் வரும் அண்ணன்மார் இரங்கூனில் வாழ்ந்தவர்கள் என்பதை நினைவுகூர்வர்.

நம்மவர் பக்கத்திலும் குறை உண்டு என்பதை மறைக்கலாகாது. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை வீழ்ந்தது. கடனைத் திருப்ப முடியாத பர்மிய உழவர்களின் நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. தென் பர்மாவின் நெல் வயல்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அப்படி நகரத்தார் வசமாயிற்று. தம் ஊர் வயலே தமக்குச் சொந்தமில்லாமற் போனால் யாருக்குத்தான் மனம் கொதிக்காது? 1930இல் துறைமுக வேலை காரணமாக இரங்கூனில் பெருங்கலகம் மூண்டது; 1938இலும் கலகம் நிகழ்ந்தது. ஆயினும் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்த தாய்மார்களின் கதை வேறு. நாங்கள் கேட்கச் சென்றது அதைத்தான்.

ஆயாவின் வீட்டு வாசலிலேயே வியப்பு. வட்ட வடிவமான ஒரு கல் கிடந்தது. சந்தனம் அரைக்கும் கல்லோ என்று எண்ணினோம். "தனகா கல்லு" என்றார் ஆயா. தனகா என்பது ஒரு மரம். அதன் பட்டையைத் தண்ணீர் விட்டு அக்கல்லில் இழைத்துப் பெண்களும் குழந்தைகளும் கன்னத்தில் பூசிக்கொள்வர். வெயிலுக்குக் குளிர்ச்சி, மணமும் உண்டு. நாங்கள் மஞ்சள் பூசுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இரங்கூனில் தமிழ்த் தாய்மார்களும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும்முன் அதைப் பூசிவிடுவார்களாம். அப்பா வீட்டிலும் வெளியிலும் லுங்கியே உடுத்தினாராம். பர்மிய ஆண் பெண் இருபாலார்க்கும் அதுவே உடை. கட்டும் முறை மட்டும் வேறு.

அங்கே பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டிய முதற்பாடம் தலையும் காலும் பற்றியதாம். பர்மியர்க்குத் தலை உயர்ந்தது. பிறர் தலையைத் தொடுவது அவமதிப்பு. கால் தாழ்ந்தது, பெரியோரை நோக்கியோ புத்தர் சிலையை நோக்கியோ காலை நீட்டி உட்காரக் கூடாது. பகோடாவினுள் செருப்புடன் நுழையக் கூடாது. பெரியவர்க்கு ஒரு பொருளை நீட்டும்போது வலக்கையால் நீட்டி, இடக்கையால் வலது முழங்கையைத் தொட்டுக்கொள்ள வேண்டும். எங்களுக்குக் காப்பி தரும்போது ஆயா இன்றும் அப்படித்தான் தந்தார், பேத்தி வயதுடைய எங்களுக்கே! வாங்கும்போது எங்களுக்குக் கூச்சமாக இருந்தது.

பர்மியக் குழந்தைகள் பெற்றோரையும் ஆசிரியரையும் மண்டியிட்டு வணங்குவர். புத்தர், அறம், துறவியர் கூட்டம், பெற்றோர், ஆசிரியர் ஆகிய ஐந்தும் அவர்களுக்கு வணக்கத்திற்குரியவை. இதைக் கேட்டு எங்கள் சிஸ்டர் மிகவும் மகிழ்ந்தார்கள். (வகுப்பில் இதைச் செயல்படுத்தச் சொல்வார்களோ என்று நாங்கள் அஞ்சியதும் உண்மை.)

பெயர் வைக்கும் முறை இன்னும் சுவையானது. பர்மியர்க்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தும் இல்லை. குழந்தை பிறந்த கிழமையே பெயரின் முதலெழுத்தைத் தீர்மானிக்கும். நம்மில் சிலர் நட்சத்திரத்திற்கு எழுத்துப் பார்ப்பது போன்றதே இது. திங்களில் பிறந்தால் ககர வரிசை, வியாழனில் பிறந்தால் பகர மகர வரிசை, ஞாயிறு என்றால் உயிரெழுத்து. புதன்கிழமை மட்டும் நண்பகலோடு இரண்டாகப் பிரியும். எனவே அவர்களுக்கு வாரத்தில் எட்டுக் கிழமை எனலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலங்கும் உண்டு. திங்களுக்குப் புலி, செவ்வாய்க்குச் சிங்கம், வியாழனுக்கு எலி. பகோடாவில் அவரவர் கிழமைக்குரிய இடத்தில் நீர் வார்ப்பர்.

ஆயாவுக்கு மூன்று பெயர்கள்: ஞானஸ்நானப் பெயர் ஒன்று, அம்மா அழைத்த தமிழ்ப் பெயர் ஒன்று, பக்கத்து வீட்டுப் பர்மிய அம்மையார் கிழமை பார்த்து வைத்த பெயர் ஒன்று. பள்ளிப் பதிவேட்டில் இருந்தது மூன்றாவதுதான். அவரைப்போல் இரண்டு மூன்று பெயர்களோடு வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் அங்கே பலர்.

பர்மியப் பையன்களுக்குச் சிறு வயதிலேயே தலை மழித்துக் காவி உடுத்திச் சில நாள் மடத்தில் தங்கச் செய்யும் சடங்கு உண்டு. அதே நாளில் அக்கா தங்கைக்குக் காது குத்துவர். நம் ஊரிலும் காதுகுத்து உண்டன்றோ! தமிழ்த் தாயும் பர்மியத் தாயும் ஒருவர் வீட்டுக் காதுகுத்துக்கு மற்றவர் அரிசியும் பழமும் கொண்டு செல்வார்களாம். மொழி அரைகுறையாக இருந்தாலும், காதில் இரத்தம் கண்டு பிள்ளை அழும்போது இருவர் சொல்வதும் ஒன்றாகத்தானே இருந்திருக்கும்.

உணவுதான் தாய்மார்க்குப் பெரிய சோதனை. 'ஙாப்பி' என்னும் மீன் விழுதின் மணம் முதலில் வயிற்றைப் புரட்டுமாம். பழகிவிட்டால் அது இல்லாமல் சோறு இறங்காதாம். மீன் குழம்பில் அரிசி நூடுல்சை இட்டு வாழைத்தண்டு சேர்த்துச் செய்யும் மொஹிங்காவே அங்கே காலைச் சிற்றுண்டி. பிள்ளைகள் இட்லியை விட்டு அதையே கேட்பார்களாம். ஆயாவின் அம்மா ஞாயிறு மட்டும் இட்லி என்று சட்டம் போட்டாராம்.

மொழியிலும் இதே போராட்டம். தெருவிலும் பள்ளியிலும் பர்மியம், வீட்டில் தமிழ். மாலையில் அப்பா மணலில் அ, ஆ எழுதச் சொல்வார். "அப்பாவுக்குத் துறைமுகத்துல ராத்திரி வேலை வந்ததும் அது நின்னு போச்சு" என்றார் ஆயா. பர்மியத்தில் நன்றி சொல்லும் சொல்லின் முதற்பகுதி 'ஜேசு' என்று ஒலிக்கும். சிறுமியாக இருந்தபோது, பர்மியர் எல்லோரும் இயேசுவின் பெயரைச் சொல்லித்தான் நன்றி கூறுகிறார்கள் என்று அவர் நெடுநாள் நம்பியிருந்தாராம்!

அருகிலுள்ள சயாமிலும் (தாய்லாந்து) பழக்கங்கள் பல இவ்வாறே. தலை உயர்ந்தது, கால் தாழ்ந்தது என்பது தாய் மக்களுக்கும் உரியதே. நமக்குச் சித்திரை பிறக்கும் அதே ஏப்ரல் நடுவில் பர்மியர் திஞ்ஜான் என்றும் தாய் மக்கள் சொங்கிரான் என்றும் ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிப் புத்தாண்டு கொண்டாடுவர். சொங்கிரான் என்பது நம் சங்கராந்தியே. பாங்காக்கின் சீலோம் வீதியில் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோவிலுக்குத் தமிழரைவிடத் தாய் மக்களே மிகுதியாக வருகின்றனர். அதை அவர்கள் 'வாட் கேக்' என்பர். 'கேக்' என்பது இந்தியரைக் குறிக்கும் சொல். அதன் நேர்ப்பொருள் விருந்தாளி. சயாம் அரசவைப் பிராமணர் மார்கழிச் சடங்கில் ஓதுவதில் நம் திருவெம்பாவை உண்டு என்பதை அறிந்தபோது எங்கள் தமிழாசிரியை தாமே எழுந்து வந்து எங்கள் குறிப்பேட்டை வாங்கிப் படித்தார்கள்.

பர்மாவிலோ விருந்து இருமுறை முடிவுக்கு வந்தது. முதன்முறை 1942. ஜப்பானியர் குண்டு வீசினர். மார்ச்சு மாதம் இரங்கூன் வீழ்ந்தது. கப்பலில் இடம் கிடைத்தவர் சிலரே. அரக்கான் வழியாகவும், தாமு வழியே மணிப்பூருக்கும், ஹூகாங் பள்ளத்தாக்கு வழியே அசாமுக்கும் இலட்சக்கணக்கானோர் நடந்தே வந்தனர். மழையிலும் மலேரியாவிலும் காலராவிலும் வழியிலேயே மடிந்தோர் பல்லாயிரம். குழந்தையைத் தோளிலும் அரிசியை இடுப்பிலும் கட்டிக்கொண்டு நடந்த தாய்மார்களுள் ஆயாவின் பாட்டியும் ஒருவர். போர் முடிந்ததும் அக்குடும்பம் மறுபடியும் இரங்கூனுக்கே சென்றது. ஏன் என்று கேட்டோம். "அதுதானே வீடு?" என்றார்.

இரண்டாம் முறை யாரும் குண்டு வீசவில்லை. 1962 மார்ச்சு 2இல் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964இல் கடைகள் அரசுடைமை ஆயின. அதே ஆண்டு மே மாதம் ஐம்பது, நூறு கியாத் நோட்டுகள் செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டன. 1965இல் தனியார் பள்ளிகளும் அரசுடைமை ஆயின. ஆயா படித்த கன்னியர் பள்ளியும் அவற்றுள் ஒன்று. குடியுரிமை பெறாதவர் தாம் பிறந்த ஊரிலேயே அயலாராக நின்றனர். மூன்று இலட்சம் இந்தியர் வரை அக்காலத்தில் வெளியேறினர். நகை, பணம் ஆகியவற்றில் மிகச் சிறிதளவே எடுத்துவர அனுமதி. ஆயாவின் அம்மா தம் தாலிச் சங்கிலியைத் துறைமுகத்தில் கழற்றி வைத்துவிட்டுத் தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு கப்பலேறினாராம்.

ஆயாவின் அக்கா வரவில்லை. அவர் ஒரு பர்மியரை மணந்திருந்தார். கரையில் நின்று கையசைத்தவரை அம்மா மீண்டும் காணவே இல்லை.

சென்னையில் இறங்கியோர்க்கு அரசு தமிழ்நாடெங்கும் குடியிருப்புகள் அமைத்தது. நம் வடசென்னையில் வியாசர்பாடியும் எர்ணாவூரும் அவற்றுள் அடங்கும். 1969இல் கடற்கரை இரயில் நிலையத்தின் எதிரே சிறு கடைகள் வைக்க இடம் கிடைத்தது; அதுவே பர்மா பஜார். எல்லோரும் பொறுத்திருக்கவில்லை. இங்கே பிழைக்க வழியின்றி மணிப்பூர் வழியாக மீண்டும் பர்மாவுக்கே நடந்து செல்ல முயன்றவரும் உண்டு! எல்லையில் தடுக்கப்பட்டு அங்கேயே தங்கியவர்களின் வழிவந்தோர் இன்றும் மோரே என்னும் ஊரில் தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேசுவரி கோவிலும் வைத்து வாழ்கின்றனர்.

பதினொரு வயது ஆயாவை இங்கே ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்பில் சேர்த்தனர். கணக்கில் அவரே முதல். ஆனால் தமிழ் எழுத்துத் தெரியாது. ஏழு வயதுக் குழந்தைகளுக்கு நடுவே பெஞ்சியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பார். பிள்ளைகள் "பர்மாக்காரி" என்று கேலி செய்தனர். அங்கே 'கலா', அதாவது இந்தியக்காரி, இங்கே பர்மாக்காரி. ஓராண்டில் படிப்பை நிறுத்திவிட்டார். எங்கள் தோழி இதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாளாம். வீட்டில் எவரும் அவளுக்குச் சொல்லவில்லை.

அக்காவிடமிருந்து முதலில் கடிதம் வந்தது, பிறகு ஆண்டுக்கொருமுறை, பிறகு இல்லை. அண்மைக் காலத்தில் அக்காவின் மகன் கைப்பேசியில் தேடிக் கண்டுபிடித்தார். 2017 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் இரங்கூனுக்கு வந்து தூய மரியன்னை பேராலயத்தில் திருப்பலி நிறைவேற்றியபோது, தொலைக்காட்சியில் அக்கோபுரங்களைக் கண்டு ஆயா வீட்டாரையெல்லாம் கூவி அழைத்தாராம். 2021இல் அங்கே மறுபடியும் இராணுவ ஆட்சி வந்தது முதல் அழைப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியவில்லை. அழைப்பு வந்தால் அக்காவும் தங்கையும் பேசுவது பர்மியத்தில். அக்காவுக்குத் தமிழ் மறந்துவிட்டது. ஆயாவோ அரிசி அளக்கும்போது இன்றும் தி, ஹ்னி, தோன், லே, ஙா என்றுதான் எண்ணுகிறார். பேரப்பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. ஐந்துக்கு மேல் அவர்களுக்குத் தெரியாது.

புறப்படும்முன் எங்கள் பிறந்த தேதிகளைக் கேட்டார். கைப்பேசி நாட்காட்டியில் பார்த்துக் கிழமை சொன்னோம். ஒருத்திக்குப் புலி, ஒருத்திக்குச் சிங்கம், ஒருத்திக்கு எலி. நான்காமவள் புதன்கிழமை மாலையில் பிறந்தவள். அவளுக்குத் தந்தமில்லாத யானை என்றதும் அவள் முகம் வாடிற்று. "எலிக்கே சிரிக்கிறாங்க, உனக்கு என்ன கண்ணு, யானை!" என்று ஆயா அவள் கன்னத்தைத் தட்டினார். தலையைத் தொடவில்லை.