காப்பி செய்தால் பூட் ஆகாது

தமிழகத்து அருமனையிலிருந்து வெள்ளறடை சாலையில் கொஞ்ச தூரம் போனால் கேரளம். அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் கணினிப் பாடம் நடப்பதே லினக்ஸில்தான். இந்தப் பக்கமும் லினக்ஸ் வராமலில்லை. 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில், விண்டோசோடு 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே வந்தது. டெபியனை அடிப்படையாக வைத்து சென்னை சி-டாக் உருவாக்கியது அது. பிள்ளைகள் விண்டோசைத்தான் திறந்தார்கள் என்பது வேறு விஷயம்.

அந்த மடிக்கணினிகள் பல இன்று அலமாரி மேல் தூசி படிந்து கிடக்கின்றன. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி அவற்றில் கிடையாது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. லினக்ஸ் போட்டால் அவற்றில் பலவும் இன்னும் ஓடும். அதற்கு வேண்டியது ஒரு பூட்டபிள் பென்டிரைவ், அதாவது கணினியைத் தொடக்கிவைக்கும் பென்டிரைவ். பெரும்பாலான லினக்ஸ் வகைகளுக்கு 8 ஜிபி போதும்.

இணையத்திலிருந்து இறக்கிய லினக்ஸின் ஐஎஸ்ஓ கோப்பைப் பென்டிரைவில் அப்படியே காப்பி செய்துவிட்டு, "பூட் ஆகலியே" என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. பவர் பட்டனை அழுத்தியதும் விழிப்பது மதர்போர்டில் இருக்கும் ஒரு சிறு மென்பொருள். கோப்புகளைத் துழாவிப் பார்க்க அதற்குத் தெரியாது. குறித்த இடத்தை மட்டுமே பார்க்கும். பழைய பயாஸ் என்றால், முதல் 512 பைட்டுகளைப் படித்து, கடைசி இரண்டும் 55, ஏஏ என்று இருக்கின்றனவா என்று பார்க்கும். இல்லையென்றால் அடுத்த டிரைவுக்குப் போய்விடும். புதிய யூஇஎஃப்ஐ, ஃபாட் வடிவப் பகுதிக்குள் 'இஎஃப்ஐ' என்ற ஃபோல்டரைத் தேடும். ரூஃபஸ், பலேனா எட்சர் போன்ற மென்பொருள்கள் ஐஎஸ்ஓவுக்குள் இருப்பதை எடுத்து, மதர்போர்டு மென்பொருள் தேடும் இடத்தில் எழுதிவைக்கின்றன.

விண்டோஸ் ஐஎஸ்ஓவை எழுதுவதில் இன்னொரு சிக்கல். ஃபாட்32-இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு நிற்காது; விண்டோஸின் நிறுவல் கோப்போ பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும். ரூஃபஸ் பென்டிரைவை என்டிஎஃப்எஸ் ஆக்கி, அதைப் படிக்கத் தெரிந்த ஒரு சின்ன நிரலைத் தனிப் பகுதியில் வைக்கிறது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு.

எழுதும்போது பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழியும். எழுதி முடிந்ததும் சில சமயம் விண்டோஸ் "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கும், ஒத்துக்கொள்ளாதீர்கள். ஐஎஸ்ஓவை அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே இறக்குங்கள். பூட் மெனுவுக்கு எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று கம்பெனிக்கொரு பட்டன். நிறுவாமலே ஓட்டிப் பார்க்கும் வசதி பல லினக்ஸ் வகைகளில் உண்டு. வைஃபையும் ஒலியும் சரியா என்று அதில் பாருங்கள். பழைய போட்டோக்களை வேறொரு டிரைவுக்கு மாற்றிய பிறகு 'இன்ஸ்டால்' பட்டனைத் தொடுங்கள்.