பாஸ் வரும் வரை, இடம் கிடைக்கும் வரை

பண்டார் தெங்காரா பெரிய ஊர் இல்லை. கெஜோரா என்று எல்லாரும் சொல்கிற ஜொகூர் தெங்காரா மேம்பாட்டு வாரியம் 1972இல் அமைக்கப்பட்டது. அது செம்பனைக் காடுகளுக்கும் ஃபெல்டா குடியிருப்புகளுக்கும் நடுவில் எழுப்பிய ஊர் இது. அன்றாடத்துக்கு வேண்டியது இங்கேயே கிடைக்கும். குடிநுழைவுத் துறைக்குப் போக வேண்டுமென்றால் மட்டும் கூலாயைத் தாண்டி, ஜொகூர் பாரு செத்தியா திரோப்பிக்கா வரை காரை ஓட்ட வேண்டும். பல்கலைக்கழக நேர்முகத் தேர்வு என்றால் அனேகமாகக் கோலாலம்பூர்ப் பக்கம். முடிவு எடுக்கிற மேசைகள் எல்லாம் தூரத்தில் இருக்கின்றன; காத்திருக்கிறவர் மட்டும் இங்கே.

இப்படி ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டில் உளவியல் படித்துவிட்டு, ஜொகூர்க்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தவர். குடிமகனின் துணைவிக்கான நீண்டகாலச் சமூக வருகை பாஸுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார். மருத்துவ உளவியல் முதுகலைக்கும் விண்ணப்பித்திருக்கிறார். பாஸ் கைக்கு வராமல் படிப்பைத் திட்டமிட முடியாது. படிப்பு உறுதியாகாமல் வீடு மாறுவதா, பிள்ளை பெற்றுக்கொள்வதா, அம்மாவைப் பார்க்க ஊருக்கு ஒரு நடை போய்வருவதா என்று எதையும் தீர்மானிக்க முடியாது. நோய் என்று எதுவும் இல்லை. ஆனால் தூக்கம் போய்விட்டது, சாப்பாடு இறங்கவில்லை, கணவர் ஒன்று கேட்டால் எரிந்து விழுகிறார். இத்தனைக்கும் மன அழுத்தம் பற்றிப் பாடம் படித்தவர். நீச்சல் தெரிந்தவருக்கும் நீர் நீர்தான்!

காகிதத்துக்குக் காத்திருப்பது நமக்குப் புதிதல்ல

மலேசியத் தமிழர் குடும்பங்களில் இந்தப் பதற்றத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, தோட்டங்களில் இருந்த பல்லாயிரம் பேர் பெட்டி கட்டிக்கொண்டு ரஜூலா போன்ற கப்பல்களில் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். இருந்தவர்களிலும் பலர் குடியுரிமை இல்லாத சிவப்பு ஐசியோடு காலத்தை ஓட்டினார்கள். இங்கேயே பிறந்தும் குடிமக்களுக்கான நீல ஐசிக்கு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய தாத்தா பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். மெட்ரிகுலேஷன் முடிவுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த வீடுகளை எண்ணவே வேண்டாம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இப்போது பாஸுக்குக் காத்திருக்கும் மருமகளிடம் "இதுக்குப் போயா இப்படி?" என்று கேட்கிற பெரியவர்கள் தங்கள் வீட்டுப் பழைய கோப்பை ஒரு தடவை எடுத்துப் பார்க்க வேண்டும்.

பாதிக்குப் பாதி என்றால்தான் உடம்பு அதிகம் பதறும்

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஒரு சோதனை இந்த இடத்தில் நன்றாகப் பொருந்தும். 45 தன்னார்வலர்கள் கணினியில் ஒரு விளையாட்டு ஆடினார்கள். திரையில் கற்கள் தோன்றும். எந்தக் கல்லுக்கு அடியில் பாம்பு இருக்கிறது என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படியாகச் சின்ன மின்னதிர்ச்சி. அவர்களின் வியர்வையையும் கண்மணி விரிவதையும் அளந்துகொண்டே இருந்தார்கள். அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தபோது இருந்ததைவிட, வரலாம், வராமலும் போகலாம் என்று பாதிக்குப் பாதி இருந்தபோதுதான் உடம்பு மிக அதிகமாகப் பதறியது.

கெட்ட சேதியைவிடச் சேதி இல்லாமல் இருப்பதே உடம்பை அதிகம் வாட்டுகிறது. ஆகவே, "இன்னும் ஒண்ணும் நடக்கலையே, அதுக்குள்ள என்ன கவலை?" என்பது கேட்பதற்கு நியாயமாக இருந்தாலும் உடம்பின் கணக்கு வேறு. தலைவலி, வயிற்றுப் பொருமல், நெஞ்சு படபடப்பு, விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு, மாதவிலக்கு தள்ளிப்போவது என்று அது வெளியே தெரியும். இவற்றை நடிப்பு என்றோ பலவீனம் என்றோ சொல்ல வேண்டாம்.

எல்லாருக்கும் இது ஒரே அளவில் இருப்பதில்லை. நிச்சயமின்மையைச் சகிக்க முடியாத தன்மையை அளக்க, கனடாவின் கியூபெக் ஆய்வாளர்கள் 1994இல் 27 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலையே உருவாக்கினார்கள். அந்தத் தன்மை கூடுதலாக உள்ளவர்கள், எது தெரியாமல் இருந்தாலும் அதை ஆபத்தாகவே எடுத்துக்கொள்வார்கள். விடாத கவலை நோய்க்கு இது ஒரு முக்கிய வேர் என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின.

எது நம் கையில், எது அவர்கள் கையில்

கவலையில் ஒரு பகுதி தகவல் இல்லாததால் வருவது. அதைக் குறைக்க முடியும்.

முதலில் கல்யாணப் பதிவு. கோயிலில் தாலி கட்டியது மட்டும் போதாது. 1982 மார்ச் 1இல் நடைமுறைக்கு வந்த திருமண, மணவிலக்குச் சட்டப்படி முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைப் பதிய வேண்டும். தமிழ்நாட்டில் நடந்த கல்யாணமானாலும் மலேசியக் குடிமகன் ஆறு மாதத்துக்குள் பதிவுக்கு வர வேண்டும் என்பது விதி. இதைத் தள்ளிப்போட்டுவிட்டுப் பாஸுக்குப் போய் நின்றால், அங்கே தொடங்கும் தாமதத்துக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. பாஸ் கிடைத்தாலும் அதில் வேலை செய்யக்கூடாது என்ற வரி இருக்கும். வேலைக்குத் தனியாக அனுமதி கேட்க வேண்டும். நிரந்தர வசிப்பிடத் தகுதி அதற்கும் பல ஆண்டுகளுக்குப் பிறகுதான். வெளிநாட்டு மனைவிக்குக் குடியுரிமை கேட்க அரசமைப்பின் 15ஆவது விதியில் ஒரு வழி இருக்கிறது. வெளிநாட்டுக் கணவருக்கு அந்த வழியும் இல்லை. மலேசியப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்த மாப்பிள்ளைகளின் காத்திருப்பு இன்னும் நீளம். அது நியாயமும் இல்லை.

படிப்புப் பக்கமும் வாசல் குறுகலானது. மருத்துவ உளவியலாளர் என்பது இங்கே 2016ஆம் ஆண்டின் சுகாதாரத் துணைத் தொழில்கள் சட்டத்துக்குள் வரும் தொழில். இளங்கலைப் பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பெயரைப் போட முடியாது. முதுகலை வேண்டும், அதில் அனுபவமுள்ளவர் கண்காணிப்பில் நோயாளிகளோடு வேலை செய்த பயிற்சியும் வேண்டும். கண்காணிக்கப் போதிய ஆட்கள் இருந்தால்தான் மாணவரைச் சேர்க்க முடியும் என்பதால் யூகேஎம் போன்ற பல்கலைக்கழகங்களில் எடுப்பது சிறு எண்ணிக்கை. ஆகவே கிடைக்கவில்லை என்பது விண்ணப்பித்தவர் தகுதியற்றவர் என்ற தீர்ப்பு அல்ல. இந்த ஒரு வாக்கியத்தைக் கண்ணில் படும் இடத்தில் எழுதி ஒட்டிவைத்தாலும் தப்பில்லை. மனநல ஆலோசகர் ஆவது வேறு பாதை; அதற்கு 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டம், தனி வாரியம், தனிப் பதிவு. துணைவி பாஸில் இருந்துகொண்டே படிக்க என்ன அனுமதி வேண்டும் என்பதைக் கட்டணம் கட்டும் முன்பே குடிநுழைவுத் துறையிடமும் பல்கலைக்கழகத்திடமும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு பிளாஸ்டிக் கோப்பில் பாஸ்போர்ட் நகல், திருமணச் சான்றிதழ், கணவரின் ஐசி நகல், கட்டிய ரசீதுகள், மதிப்பெண் பட்டியல்கள் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, முதல் பக்கத்தில் காலாவதித் தேதிகளைப் பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள். நாளைக் கடந்து தங்குவது குடிநுழைவுச் சட்டப்படி குற்றம். அந்தப் பயத்தை ஒரு காகிதம் தீர்க்கும் என்றால் தீர்த்துவிடலாமே. அதற்குப் பிறகு மிஞ்சுவது அவர்கள் கையில். அங்கேதான் மனதின் வேலை தொடங்குகிறது.

"நினைக்காதே" என்பது மருந்தல்ல

கலிபோர்னியா பல்கலைக்கழக உளவியலாளர் கேட் ஸ்வீனி காத்திருப்பதையே தன் ஆய்வுப் பொருளாக எடுத்தவர். வழக்கறிஞர் தேர்வு எழுதிவிட்டு நான்கு மாதம் முடிவுக்காகக் காத்திருந்த 50 சட்டப் பட்டதாரிகளை அவருடைய குழு தொடர்ந்து கவனித்தது. நல்லதையே நினைப்பது, கெட்டதற்குத் தயாராவது, கவனத்தைத் திருப்புவது என்று அவர்கள் எதையெதையோ செய்து பார்த்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை காத்திருக்கும் வேதனையைக் குறைக்கவே இல்லை. ஆனால் வேதனைப்பட்டுக் காத்திருந்தவர்கள் முடிவு வந்த பிறகு நன்றாகத் தாங்கினார்கள்: கெட்ட சேதி வந்தால் அடுத்து ஆக வேண்டியதைப் பார்த்தார்கள், நல்ல சேதிக்குக் கூடுதலாக மகிழ்ந்தார்கள்.

எனக்கு இது பெரிய ஆறுதலாகப் படுகிறது. கவலைப்படுவதற்காகவும் சேர்த்துக் கவலைப்பட வேண்டாம். "நேர்மறையாக நினை" என்று காலையில் வாட்ஸ்அப்பில் வரும் பூங்கொத்துப் படங்களை நான் நம்புவதில்லை.

ஸ்வீனி குழுவின் பிறகு வந்த ஆய்வு ஒன்று உதவுகிற வழியையும் காட்டியது: நேரம் போவதே தெரியாமல் மூழ்கிவிடும் வேலை. அது சுலபமாகவும் இருக்கக்கூடாது, கைக்கு எட்டாததாகவும் இருக்கக்கூடாது. தொலைக்காட்சித் தொடர் பார்ப்பது இந்தக் கணக்கில் வராது. அதைப் பார்த்துக்கொண்டே கவலைப்பட முடியும். ரவிக்கை தைப்பது, வீட்டுக்குப் பின்னால் காய்கறி போடுவது, ஒரு பாட்டை வாத்தியத்தில் பிடிப்பது ஆகியவை வரும். என்னைக் கேட்டால் மலாய் படிக்கச் சொல்வேன். நேர்முகத் தேர்வுக்கும் உதவும், பிற்பாடு நோயாளிகளின் கதையை அவர்கள் மொழியிலேயே கேட்கவும் உதவும், பாசாரில் மீன் வாங்கவும் உதவும்.

கைபேசியும் கவலை நேரமும்

விண்ணப்ப நிலை காட்டும் பக்கத்தைத் திறப்பது, மின்னஞ்சலைப் புதுப்பிப்பது, அதே நிலையில் இருக்கும் தோழியிடம் "உனக்கு வந்துச்சா?" என்று கேட்பது: ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் ஆறுதல் தரும். பிறகு மறுபடி பார்க்கச் சொல்லும். பார்க்கப் பார்க்கத் தெரியாததைத் தாங்கும் சக்திதான் குறைகிறது. அதனால் நாளைக்கு ஒரு வேளை, அலுவலக நேரத்தில், உட்கார்ந்து பாருங்கள். படுக்கையில் வேண்டாம். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குப் பிறகு பார்த்துப் பயனும் இல்லை.

கவலைக்கு நேரம் ஒதுக்கும் முறையை அமெரிக்க உளவியலாளர் தாமஸ் போர்கோவெக்கும் அவர் குழுவினரும் 1983இல் சோதித்தார்கள். தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி நேரம். மற்ற நேரத்தில் எண்ணம் தலைதூக்கினால் "ஐந்து மணிக்குப் பார்த்துக்கலாம்" என்று ஒரு வரி குறித்துவிட்டுக் கையிலிருக்கும் வேலைக்குத் திரும்புவது. ஐந்து மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து, குறித்ததையெல்லாம் மனசாரக் கவலைப்படுவது. கேட்க வேடிக்கையாக இருக்கும். பல நாள் அந்த அரை மணியை நிரப்பவே கவலை போதாது என்பதுதான் இதைச் செய்து பார்த்தவர்கள் சொல்வது.

இரவில் தூக்கம் வர வேண்டுமென்றால் மதியத்துக்குப் பிறகு தே தாரிக், கோப்பி வேண்டாம். சாயங்கால வெயில் தாழ்ந்ததும் அரை மணி நேரம் நடந்து வாருங்கள்.

வீட்டுக்குள்ளே

காத்திருப்பவரை அதிகம் களைக்க வைப்பது கேள்விகள். ஊரிலிருந்து அத்தை போன் செய்கிறார்.

"விசா வந்துடுச்சாம்மா?"

"இன்னும் இல்ல அத்தே."

"பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மூணு மாசத்துல வந்துருச்சாமே?"

இதற்குப் பதில் தேட வேண்டாம். "வந்தா முதல்ல உங்களுக்குத்தான் சொல்வேன் அத்தே, அதுவரைக்கும் கேக்காதீங்க" என்று அன்பாகச் சொல்லிப் பழகுங்கள். வீட்டில் கணவர் இந்த வேலையைத் தன் தோளில் போட்டுக்கொள்ளலாம்; தன் அம்மாவிடமும் உறவினரிடமும் பேச வேண்டியவர் அவர்தான். கணவர்களில் பலர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறவர்கள். களைப்போடு வந்தவரிடம் பத்து மணிக்கு விசாப் பேச்சை எடுத்தால் அது சண்டையில்தான் முடியும். வாரத்தில் ஒரு நாள் இதற்கென்று ஒதுக்கி, கோப்பைத் திறந்து வைத்துப் பேசிவிட்டு மூடிவிடுங்கள்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. துணைவி பாஸ் கணவரின் ஆதரவில் நிற்பது. "கையெழுத்துப் போட மாட்டேன், ஊருக்கு அனுப்பிவிடுவேன்" என்று மிரட்டுவது, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வது, அடிப்பது எல்லாம் கொடுமை; குடும்பச் சண்டை என்று மூடி மறைக்க வேண்டியவை அல்ல. 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இங்கே இருக்கிறது. தாலியான் காசே உதவி எண் 15999. வெளிநாட்டவராக இருந்தாலும் அழைக்கலாம்.

எப்போது கிளினிக்குக்குப் போக வேண்டும்

கவலை இயல்பானது, ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் தூக்கம் இல்லை, பிடித்ததிலும் மனம் ஒட்டவில்லை, அழுகை நிற்கவில்லை, எழுந்து குளிக்கவும் முடியவில்லை என்றால் பாஸ் வந்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். 2023ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வு ஆய்வில் 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு, ஏறத்தாழ பத்து லட்சம் பேருக்கு, மனச்சோர்வு இருப்பது தெரியவந்தது. 2019இல் இது 2.3 விழுக்காடு. வெட்கப்படுவதற்கு நீங்கள் தனி ஆள் இல்லை.

அரசாங்க கிளினிக்கில் மனநலப் பரிசோதனை கேட்கலாம். தேவைப்பட்டால் அங்கிருந்தே பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள். ஜொகூரில் மனநலத்துக்கென்றே தம்போயில் பெர்மாய் மருத்துவமனை இருக்கிறது. வெளிநாட்டவருக்குக் கட்டணம் வேறு என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். போய்ப் பார்த்தால் விசாவுக்குக் கேடு வரும் என்ற பயத்தில் மறைப்பவர்கள் உண்டு. முற்றவிட்ட நோய்தான் படிப்பையும் குடும்பத்தையும் குலைக்கும்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே பேசுங்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. உதவி கேட்டால் போலீஸ் வரும் என்ற பயம் இனி வேண்டாம். சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. கோலாலம்பூர் பிஃபிரெண்டர்ஸ் எண் 03-7627 2929, இரவு பகல் எந்நேரமும். இந்த இரண்டையும் இப்போதே உங்கள் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் பக்கத்து வீட்டில் காத்திருக்கும் ஒருவருக்குத் தேவைப்படலாம்.